உடற்பயிற்சி சில்லறையாகவும் கிடைக்கும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மளிகைக் கடையோ மொத்த வியாபாரமோ நடத்தும் நம்முடைய நாள் எப்படிப் போகிறது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து மணிக்குத்தான் இறக்குகிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவு கணக்கு முடித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பதினொன்றரை. இதற்கு நடுவே "தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கொள்முதல் செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். உடற்பயிற்சியை மொத்தமாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சில்லறையாகவும் வாங்கலாம். சில்லறை வியாபாரம் நமக்குத் தெரியாததா?

உடலும் ஒரு முதல்

அரசு ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நமக்கு என்ன உண்டு? கடைக்காரர் படுத்தால் கடையும் படுத்துவிடும். யார் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், எந்தச் சரக்கு எப்போது விலை ஏறும் என்பதில் பாதி பேரேட்டில் இருக்கிறது, மீதி நம் தலையில் இருக்கிறது. மூன்று மாதம் கடை சாத்தியிருந்தால் பதினைந்து வருட வாடிக்கை பக்கத்துத் தெருக் கடைக்குப் பழகிவிடும். மருத்துவச் செலவைவிட இதுவே பெரிய நஷ்டம்.

குளிர்பதனப் பெட்டிக்கும், தராசுக்கும், சரக்கு வண்டிக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். இவை எல்லாவற்றையும் இயக்குகிற நம் உடலுக்கு ஐந்தொகையில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. தொழிலில் போட்ட முதல்களில் திரும்ப வாங்க முடியாத முதல் அது ஒன்றுதான்.

எடைக்கல் போயிற்று, எடை ஏறிற்று

நம் தகப்பனார் காலத்தில் கடைக்காரர் யாரும் உடற்பயிற்சி செய்ததாக நமக்கு நினைவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். பருப்புக்கு ஒரு சாக்கு, அரிசிக்கு ஒரு சாக்கு, மிளகாய்க்கு ஒரு சாக்கு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுந்து, குனிந்து, அள்ளி, கைத்தராசில் நிறுத்து, பொட்டலம் மடித்து, நூல் கட்டித் தர வேண்டும். கொள்முதலுக்குச் சைக்கிள். பாக்கி வசூலுக்கு நடை. நாள் முழுதும் உடல் அசைந்துகொண்டே இருந்தது.

இன்று பெரும்பாலான சரக்கு பாக்கெட்டில் வருகிறது. மொத்தக் கடைக்குப் போனில் சொன்னால் வாசலில் இறக்குகிறார்கள். வாடிக்கையாளர் தானே எடுத்து வந்து மேசையில் வைக்கிறார். பணம்கூடக் கைக்கு வராமல் போனுக்கு வருகிறது. இவையெல்லாம் நல்ல வசதிகளே, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டின் அளவு தகப்பனார் காலத்து அளவாகவே இருக்கிறது, வேலை மட்டும் குறைந்துவிட்டது. வரவு அப்படியே இருந்து செலவு குறைந்தால் கடைக்கு லாபம். உடம்புக்கு அதுவே தொப்பை.

சணல் ஆலைக் கடைக்காரர்கள் சொல்லும் பாடம்

இது நம் கற்பனை அன்று. மேற்கு வங்காளத்தில் ஹவுரா அருகே செங்காயில் என்ற ஊரில் இருந்த சணல் ஆலையில் ஓர் ஆய்வு நடந்தது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து 213 பேரின் உணவையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்து 1956-இல் வெளியிட்டார்கள். அதில் மூட்டை சுமக்கும் கூலிகள் இருந்தார்கள், குமாஸ்தாக்கள் இருந்தார்கள். ஆலைக் கடைத்தெருவில் நாள் முழுதும் உட்கார்ந்தே வியாபாரம் செய்த கடைக்காரர்களும் இருந்தார்கள்.

முடிவு என்ன? ஓரளவு நடமாடி வேலை செய்தவர்கள் தேவைக்கு ஏற்ற அளவு சாப்பிட்டார்கள், எடையும் சீராக இருந்தது. பாரம் சுமப்பவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், ஆனாலும் உடல் ஏறவில்லை. உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களோ, லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் மிக அதிகம்.

கவனிக்க வேண்டியது இதுதான். உழைப்பு குறைந்தால் பசியும் தானாகக் குறையும் என்று நினைக்கிறோம். ஓர் அளவுக்குக் கீழே அசைவு போய்விட்டால் பசி தன் கணக்கைத் தவற விடுகிறது. வேலை இல்லாத உடல் வேண்டிய அளவு தெரியாமல் வாங்கிப்போடுகிறது, இருப்பு பார்க்காமல் கொள்முதல் செய்யும் கடைக்காரரைப் போல.

லண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. இரட்டை மாடிப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்குகிறார். பேருந்து ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவும் ஓட்டுநர்களுக்கு அதிகமாகவும் வந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தபோது, சீருடைக் கால்சட்டையின் இடுப்பு அளவுகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பருமன் எதுவானாலும் நடத்துநர்களுக்கே பாதுகாப்பு அதிகம் என்று தெரிந்தது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள் அல்லர். தங்கள் வேலையையே நடந்து செய்தவர்கள்.

சென்னையில் கிடைத்த கணக்கு

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர். சங்கக் கூட்டத்தில் நூறு பேர் அமர்ந்திருந்தால் அதில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். உட்கார்ந்த தொழில் என்பதால் நம்மிடையே அது கூடுதலாகவே இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் அதே தமிழ்நாட்டிலிருந்து நல்ல செய்தியும் உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, ஆனால் இன்னும் உள்ளே நுழையாத 531 பேரை அவர்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேரமாவது நடந்து, உணவில் சர்க்கரை, மாவுப்பண்டம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள். நூற்றுக்குப் பதினாறு லாபம் தருகிற சரக்கு மளிகையில் எத்தனை இருக்கிறது?

சில்லறையாகச் சேர்ப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அதுவே மிதமான உழைப்பு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020-இல் வந்த வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் வரவுதான், மூன்று நிமிடமும் வரவுதான். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. கடைக்குள்ளேயே செய்யக்கூடிய சில வழிகளைக் கீழே தருகிறோம்.

1. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் நீரிழிவு உள்ள 41 பேரிடம் சோதித்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் நடந்ததில் பலன் இன்னும் கூடுதல். நம் இரவுச் சாப்பாடுதான் பெரியது, அதை முடித்த கையோடு படுக்கைக்குப் போகிறோம். மூன்று வேளையும் பத்து நிமிடம் என்றால் வாரம் 210 நிமிடம் ஆயிற்று. இரண்டு நாள் தவறினாலும் 150 கைக்கு வந்துவிடும்.

2. அரை மணிக்கு ஒருமுறை கல்லாவை விட்டு எழுவது. போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது. சரக்கு அடுக்கும் வேலையில் ஒரு பகுதியை நாமே வைத்துக்கொள்வது. பெரிய வாளியில் அல்லாமல் சிறிய டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டால் அதற்காகவே நாலுமுறை எழ வேண்டி வரும்.

3. கிடங்கு இருப்பை நாமே போய்ப் பார்ப்பது. பையனைக் கேட்டு இருப்பு எழுதுவதைவிட, தினமும் ஒருமுறை கிடங்கைச் சுற்றி வந்தால் உடலுக்கும் நல்லது, எலி கடித்த மூட்டையும் கண்ணில் படும்.

4. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தருவது. கையை ஊன்றாமல் முக்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, கடை மேசையில் கையூன்றிச் சாய்ந்து பத்து முறை தள்ளி எழுவது. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம். நாற்பது வயதுக்கு மேல் தசை தேய்கிறது, சர்க்கரையைச் செலவழிக்கும் இடம் அந்தத் தசைதான்.

5. கடை திறக்கும் முன் நடப்பது. பகலில் நடக்க இடமில்லாத விழுப்புரம் எம்.ஜி. ரோடும் திண்டிவனம் நேரு வீதியும் விடியற்காலையில் காலியாகவே கிடக்கின்றன. நடப்பதற்காக லாரிகள் ஓடும் ஜி.எஸ்.டி. சாலைக்குப் போக வேண்டாம். அண்ணன் தம்பி, கணவன் மனைவி, தகப்பன் மகன் என்று இருவர் பார்க்கும் கடையில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒருவர் கடை திறக்க மற்றவர் நடக்கலாம். கடையில் நம்மோடு சமமாக உழைக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இந்த முறை வர வேண்டும். அவர்களுக்குக் கடை வேலைக்குப் பின் அடுப்படி வேலையும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

மூட்டை தூக்கும் முறை

நாள் முழுதும் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று ஒரு மூட்டையைத் தூக்குவதுதான் நம் தொழிலில் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசி மூட்டைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோ சிப்பம் பெருகிவிட்டது நமக்குத் தெரியும். ஐம்பது கிலோ மூட்டையைத் தனியாகத் தொடத் தயங்குகிறவரும் சிப்பத்தை ஒரு கையால் இழுத்துப் பார்க்கிறார். முதுகை வளைத்து இழுத்தால் 26 கிலோவும் போதும், ஒரு மாதம் படுக்க வைக்க.

மூட்டைக்கு நெருங்கி நில்லுங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்து, கால் பலத்தால் எழுந்திருங்கள். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். அடிக்கடி விற்கும் கனமான சரக்கைத் தரையிலும் வைக்காமல் தலைக்கு மேலும் வைக்காமல் இடுப்பு உயரப் பலகையில் அடுக்குங்கள்.

நாம் விற்பதை நாம் உண்கிறோமா?

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிகனுக்குக் கொடு" என்பது பழமொழி. அந்த வாணிகரே நாம்தான். கம்பும், கேழ்வரகும், பச்சைப்பயறும், கொள்ளும் நம் சாக்கில்தான் இருக்கின்றன. ஊராருக்கு அவற்றை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நாம் இரவு பரோட்டா வாங்கி வரச் சொல்கிறோம். பிறகு வைத்தியருக்கும் கொடுக்கிறோம்.

தேநீர்க் கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆறு தேநீர், ஒன்றுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 10 கிராம். நாளுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1.8 கிலோ. வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ. தேநீருக்கு மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு சிறு மூட்டைச் சர்க்கரை! ஆறை மூன்றாக்கி, இரண்டு கரண்டியை ஒன்றாக்கினால் வருடத்துக்கு ஐந்தரைக் கிலோவில் முடிந்துவிடும்.

மாலை நாலு மணிக்குக் கை பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும்போது, ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை எடுத்துக்கொள்ளலாம். டி.எம்.வி. என்று பெயர் தாங்கிய நிலக்கடலை ரகங்கள் நம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு வெளியூர்களெல்லாம் போன கடலை, உள்ளூர்க் கல்லாவுக்கும் வரலாம்.

நிற்பவரையும் நினைப்போம்

நமக்கு உட்கார்ந்து நோய் வருகிறது என்றால், நம் கடையில் நாள் முழுதும் நிற்கும் பணியாளருக்கு நின்றே கால் நரம்பு சுருள்கிறது. இதற்காகவே 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆயிற்று. நிற்பவரை உட்கார வைக்கச் சட்டம் வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப எந்தச் சட்டமும் வராது, நாமேதான் எழ வேண்டும். இருவரும் மணிக்கு ஒருமுறை சற்று நேரம் இடம் மாறிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நன்மை.

எச்சரிக்கை

நாற்பதைக் கடந்தவர்கள், ஏற்கெனவே இதய நோய், இரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் பழக்கமில்லாத கடும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடக்கக் கூடாது. செருப்பில்லாமலும் நடக்கக் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவும் வரலாம். வாடிக்கையாளர் நிற்கிறாரே என்று பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். நம் இரு ஊர்களுக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் விலை.

உடல் பேரேடு

எழுதாத கணக்கு நிற்காது என்பது நம் தொழிலின் முதல் பாடம். ஆகவே கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பத்திகள் போடுங்கள்.

முதல் பத்தி, இன்று நடந்த நிமிடங்கள். தினமும் கணக்கு முடிக்கும்போது எழுதுவது. இரண்டாவது, இன்று குடித்த தேநீர். மூன்றாவது, இடுப்புச் சுற்றளவு. மாதம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில் நாடாவால் அளப்பது. நம் இந்திய உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நான்காவது, இரத்த அழுத்தம். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்தாவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை. 100-க்குக் கீழ் சரி. 100 முதல் 125 வரை வாசலில் நிற்கிறோம் என்று பொருள். 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி சோதித்து மருத்துவம் தொடங்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் வரும் பகல் நேரத்தில் நாம் வீட்டில் இருப்பதில்லை, கடையில் இருக்கிறோம். எனவே நம் வீதிச் சங்கங்களே ஆண்டுக்கு இரண்டு முறை, கடை திறக்கும் முன் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் சங்கக் கட்டடத்தில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வெறும் வயிற்றுச் சோதனைக்கும் அதுவே ஏற்ற நேரம்.

ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து ஒன்று கூடுகிறோம். வரியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பெரிய நிறுவனங்களின் போட்டியைப் பற்றியும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அந்தப் போராட்டங்களை நடத்தவும் தெம்புள்ள ஆட்கள் வேண்டும். இன்று இரவு ஷட்டரை இறக்கி, சாப்பிட்டு முடித்தபின், படுக்கைக்குப் போகும் முன் நம் தெருவில் பத்து நிமிடம் நடப்போம். நாளைக் காலை பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் வரவை எழுதுவோம்.